பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு ரசாயன எல்லை அளவை எப்படிக் குறைப்பது?

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறை. நான் சேஃப்டி கோஆர்டினேட்டராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெயிண்ட் கலக்கும் கொட்டகையில் இருந்த குழுவுக்குக் காலை 8 முதல் இரவு 8 வரை வேலை, வாரத்துக்கு ஐந்து நாள். காற்றை அளந்த ரிப்போர்ட் வந்தது. தின்னரில் இருந்த முக்கியமான கரைப்பானின் சராசரி 62 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 62 பங்கு), எல்லை 100 பிபிஎம். "எல்லைக்குள் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தேன்.

வியாழக்கிழமை புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்து நின்றார். "அண்ணே, திங்கள் செவ்வாய் ஒண்ணும் தெரியல. புதன்லேருந்து தலை கனமா இருக்கு, சோறு இறங்கல. தூங்கி எழுந்தாலும் போகல." நான் அந்த ரிப்போர்ட்டைக் காட்டி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். பிறகு அதே ரிப்போர்ட்டைப் பார்த்த ஒரு மூத்த அதிகாரி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த 100, எத்தனை மணி நேரத்துக்குப் போட்ட எண்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள், தம்பி சொன்ன "புதன்லேருந்து" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். கணக்கு பயப்படும்படி இல்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதலில், எல்லை அளவு எதைச் சொல்கிறது?

சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் பொது விதிமுறைகளோடு நச்சுப் பொருள்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. நாம் பேச்சில் பி.இ.எல். என்று சொல்வது அதில் இருக்கும் அளவுகளைத்தான். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீண்டநேர எல்லை: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்கிறவருக்கான சராசரி. இன்னொன்று குறுகியநேர எல்லை: எந்த 15 நிமிடத்தை எடுத்தாலும் சராசரி அதைத் தாண்டக் கூடாது.

8 மணி நேரம் என்றால் மீதி 16 மணி நேரம் அந்த ரசாயனம் இல்லாத காற்றில் இருப்பார் என்பது அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வாரம் 40 என்றால் இரண்டு நாள் முழு ஓய்வு என்பதும் அதில் சேர்ந்தே வருகிறது. ஷிஃப்டை 12 மணி நேரமாக நீட்டும்போது இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. உள்ளே போவது ஒன்றரை மடங்கு ஆகிறது. வெளியே போவதற்கான நேரம் 16 மணியிலிருந்து 12 மணியாகச் சுருங்குகிறது. வரவு கூடுகிறது, செலவு குறைகிறது. மிச்சம் உடம்பில் தங்குகிறது.

இதை ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஒரு பொருள் உடம்பில் பாதியாகக் குறைய 8 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அரை ஆயுள் என்பார்கள். 16 மணி நேர ஓய்வுக்குப் பிறகு கால் பங்கு மிச்சமிருக்கும். 12 மணி நேர ஓய்வு என்றால் 35 சதவீதம் மிச்சமிருக்கும். அரை ஆயுள் 24 மணி நேரமாக இருந்தாலோ, 12 மணி நேரம் கழித்து மறுநாள் காலை வேலைக்கு வரும்போது 71 சதவீதம் உடம்பிலேயே இருக்கும். அதன் மேல் அன்றைய வேலை இன்னொரு சுமையை ஏற்றும். திங்கள், செவ்வாய் தாங்கிய உடம்பு புதன்கிழமை ஏன் சொல்ல ஆரம்பித்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

உண்மையான வேலை நேரத்தை எழுதுங்கள்

கணக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, அந்தக் குழு நிஜமாக எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று எழுத வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் ரோஸ்டரை மட்டும் பார்க்காதீர்கள். ஓடி (ஓவர்டைம்) எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா, பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தும் ஷட்டவுன் சமயத்தில் என்ன நடக்கிறது என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். அதே கேள்வியைத் தொழிலாளரிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நல்லது.

இங்கே சிங்கப்பூருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. வேலை நியமனச் சட்டத்தின் வேலை நேரப் பகுதி யாருக்குப் பொருந்துகிறதோ, அவர்களுக்கு ஒப்பந்த வேலை நேரம் பொதுவாக வாரம் 44 மணி வரை. எல்லை அளவு போடப்பட்டிருப்பதோ 40 மணி நேர வாரத்துக்கு. அதாவது ஓடி ஒரு மணி நேரம்கூடச் செய்யாத சாதாரணத் தொழிலாளரே அட்டவணை நினைத்திருக்கும் நேரத்தைத் தாண்டித்தான் நிற்கிறார். ஷிஃப்ட் 8 மணி நேரமாக இருந்து ஆறு நாள் வேலை என்றால் வாரம் 48. நிறைய பேர் "எங்கள் இடத்தில் 12 மணி ஷிஃப்ட் இல்லை, இது எங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்வார்கள். ஆறு நாள் வாரத்துக்கும் இது தேவை.

இன்னொரு கணக்கு. சட்டப்படி ஓவர்டைம் மாதத்துக்கு 72 மணி நேரம் வரை போகலாம். வாரத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 16 மணி. 44-ஓடு சேர்த்தால் வாரம் 60 மணி. விதிவிலக்கு எதுவும் வாங்காமலே ஒருவர் மாதக்கணக்கில் வாரம் 60 மணி நேரம் வேலை செய்ய முடியும். வேலை நேரத்தில் சட்டம் மீறப்படவில்லை என்பதால் ரசாயன எல்லையும் மீறப்படவில்லை என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

சாப்பாட்டு இடைவேளையை எப்படி எண்ணுவது என்று கேட்பார்கள். சம்பளக் கணக்கில் அந்த ஒரு மணி நேரம் வேலை நேரம் ஆகாது. ஆனால் கொட்டகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதே நெடியில், அதே சட்டையோடு பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டால் உடம்புக்கு அது ஓய்வு ஆகுமா? நான் அந்த இடைவேளையையும் ஷிஃப்டோடு சேர்த்தே எண்ணுவேன். தள்ளியிருக்கும் கேண்டீனுக்குப் போய், கை கழுவி, நல்ல காற்றில் சாப்பிடுகிறார்கள் என்றால் மட்டும் கழிப்பேன்.

அந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது?

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். எல்லாப் பொருளுக்கும் ஒரே எண்ணால் பெருக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது.

அந்த ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளை எடுங்கள். 2ஆம் பகுதியில் ஆபத்து வகை இருக்கும், 8ஆம் பகுதியில் எல்லை அளவு, 11ஆம் பகுதியில் உடல்நலப் பாதிப்பு. இந்த மூன்றையும் படித்துவிட்டு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது பட்டவுடன் தாக்குகிறதா, ஒரு நாளுக்குள் ஏறுகிறதா, வாரக்கணக்கில் வருடக்கணக்கில் சேர்கிறதா?

அம்மோனியா, குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு போன்றவை கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் உடனே எரிக்கும். இந்த எரிச்சலை முடிவு செய்வது அந்த நிமிடம் காற்றில் எவ்வளவு இருந்தது என்பதுதான். எத்தனை மணி நேரம் வேலை என்பது அவ்வளவாக இல்லை. எரிச்சலுக்காக மட்டுமே போடப்பட்ட எல்லையை ஷிஃப்ட் நீளத்துக்காகக் குறைப்பதில்லை. 15 நிமிட எல்லையையும், ஒரு கணம்கூடத் தாண்டக் கூடாது என்ற உச்ச எல்லையையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். 12 மணி ஷிஃப்டிலும் 15 நிமிடம் 15 நிமிடம்தான்.

நைட்ரஜன், ஆர்கான் இரண்டும் வேறு ரகம். அவை நஞ்சாகத் தாக்குவதில்லை, ஆக்ஸிஜனைத் தள்ளிவிடுகின்றன. அங்கே பார்க்க வேண்டியது ஆக்ஸிஜன் அளவை. குறைப்புக் கணக்குக்கு அங்கே வேலையே இல்லை.

தலைசுற்றல், மயக்கம் என்று அன்றைக்கே உடம்புக்குள் வேலை செய்பவை அடுத்த வகை. கார்பன் மோனாக்சைடு நல்ல எடுத்துக்காட்டு. அது ரத்தத்தில் ஏறி, நல்ல காற்றுக்கு வந்தபின் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் எடுக்கும். இந்த வகைக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதே முக்கியம். நாள் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

ஈயம், காட்மியம், சிலிக்கா தூசு போன்றவை மெதுவாகச் சேர்ந்து வருடங்கள் கழித்து வெளிப்படுபவை. ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் போய்ப் படிந்துவிட்டால் பல வருடங்கள். இவற்றுக்கு வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. வாரக் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு குணமும் கொண்டவை நிறைய. பெயிண்ட், தின்னர் கரைப்பான்கள் பலவும், சலவைக் கடைகளில் உலர்சலவைக்குப் பயன்படும் பெர்க்ளோரோஎத்திலீனும் இந்த வகை. பெர்க்ளோரோஎத்திலீன் கொழுப்பில் தங்கி, இரண்டு மூன்று நாளில்தான் பாதியாகக் குறைகிறது. ஒரு இரவு ஓய்வு அதற்கு எதுவுமே இல்லை. இப்படிப்பட்டவற்றுக்கு நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டையும் போட்டு, எது சின்ன எண் தருகிறதோ அதை எடுங்கள்.

பென்சீன் மாதிரி புற்றுநோய் உண்டாக்குபவற்றுக்கு ஒரு வார்த்தை. குறைத்த எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று அங்கே நின்றுவிடாதீர்கள். முடிந்த அளவுக்குக் கீழே கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த வகை என்று தீர்மானிக்க முடியவில்லையா? குறைத்துவிடுங்கள். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

இனி கணக்கு

1975இல் அமெரிக்காவில் பிரீஃப், ஸ்காலா என்ற இருவர் ஒரு எளிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்கத் தொழிற்சுகாதாரக்காரர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். வேலை நேரம் கூடியது, ஓய்வு நேரம் குறைந்தது இரண்டையும் அது பிடிக்கிறது.

நாள் கணக்கு: 8-ஐ ஷிஃப்ட் நேரத்தால் வகுங்கள். 24-இல் ஷிஃப்ட் நேரத்தைக் கழித்து, வருவதை 16-ஆல் வகுங்கள். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது குறைப்பு எண்.

12 மணி ஷிஃப்டுக்கு: 8 ÷ 12 = 0.67. (24 − 12) ÷ 16 = 0.75. பெருக்கினால் 0.5. அதாவது எல்லை சரிபாதி ஆகிறது. 100 பிபிஎம் 50 ஆகிவிடும். ஷிஃப்ட் ஒன்றரை மடங்குதானே கூடியது, எல்லை ஏன் பாதியாக வேண்டும் என்று மேலாளர் கேட்பார். அந்த 0.75 ஓய்வு குறைந்ததற்கான விலை என்று சொல்லுங்கள்.

10 மணி ஷிஃப்டுக்கு இதே கணக்கு 0.7 தரும். 9 மணிக்கு 0.83. 11 மணிக்கு 0.59.

வாரக் கணக்கும் அதே அச்சுதான். 40-ஐ வார வேலை நேரத்தால் வகுங்கள். ஒரு வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். அதில் வேலை நேரத்தைக் கழித்து 128-ஆல் வகுங்கள். இரண்டையும் பெருக்குங்கள். வாரம் 44 மணிக்கு 0.88 வரும், 48 மணிக்கு 0.78, 60 மணிக்கு 0.56, 72 மணிக்கு 0.42.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 மணி, ஆறு நாள் என்றால் நாள் கணக்கு 0.7 தருகிறது, வாரக் கணக்கு 0.56. சின்னது 0.56, அதை எடுக்க வேண்டும். இன்னொரு இடத்தில் 12 மணி ஷிஃப்ட், ஆனால் ஓய்வு நாள்கள் நிறைய, சராசரியாக வாரம் 42 மணி. வாரக் கணக்கு 0.94தான் காட்டும், நாள் கணக்கு 0.5. அன்றன்றே தாக்கும் பொருளாக இருந்தால் அந்த 0.94-ஐ நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அடுத்த வாரம் வரப்போகும் ஓய்வு, இன்றைக்குத் தலை சுற்றுகிறவருக்கு உதவாது.

இந்தச் சூத்திரத்தை மூன்று இடத்தில் பயன்படுத்தாதீர்கள். அரைநாள் வேலை, பகுதிநேர வேலை என்று எல்லையை மேலே தூக்குவதற்கு இது இல்லை. விடை 1-க்கு மேல் போனால் 1-இல் நிறுத்திவிடுங்கள். வேலை செய்யும் இடத்திலேயே தங்கி, நாள் முழுக்க அந்தக் காற்றையே சுவாசிக்கிறவருக்கும் இது பொருந்தாது. 24-இல் 24 போனால் பூஜ்யம், கணக்கு அங்கே உடைந்துவிடும். மூன்றாவது, முன்னால் சொன்ன எரிச்சல் வகை.

நேரத்துக்கு ஏற்றபடி மட்டும் குறைக்கும் முறையும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலம் அப்படிச் செய்கிறது: பொருளின் வகையைப் பார்த்து, நாளுக்கு 8-ஐயோ வாரத்துக்கு 40-ஐயோ வேலை நேரத்தால் வகுக்கிறது. 12 மணிக்கு 0.67. அமெரிக்காவில் ஈயத்துக்கான சட்டமும் இதே வழிதான்: 400-ஐ வேலை நேரத்தால் வகுத்தால் அன்றைய எல்லை மைக்ரோகிராமில் வரும், 8 மணிக்கு 50, 10 மணிக்கு 40. இந்த முறை ஓய்வு குறைந்ததைக் கணக்கில் எடுக்காது. அரை ஆயுளை வைத்து இன்னும் நுணுக்கமாகப் போடும் கணக்குகளும் இருக்கின்றன, அவற்றை அனுபவமுள்ள தொழிற்சுகாதார நிபுணரிடம் விட்டுவிடலாம். நம் ஊர் வெயிலில், கனமான வேலையில், மூச்சு வேகமாக வாங்கிக்கொண்டு நிற்பவர்களை நினைத்தால் நான் பிரீஃப், ஸ்காலா கணக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அளப்பதும் ஒப்பிடுவதும்

காற்றை அளக்க, தொழிலாளர் மேல் மாட்டிவிடும் சின்னக் காற்று பம்ப் முழு ஷிஃப்டுக்கும் ஓட வேண்டும். காலையில் நாலு மணி நேரம் அளந்துவிட்டு, மீதியும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. பம்ப் பேட்டரி 12 மணி நேரம் தாங்குமா, ரசாயனத்தைப் பிடித்து வைக்கும் உறிஞ்சு குழாய் நிரம்பிவிடுமா, நடுவில் மாற்ற வேண்டுமா என்று அளக்க வருகிறவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இரவு ஷிஃப்டையும் அளக்கச் சொல்லுங்கள். இரவில் கதவை மூடியிருப்பார்கள், சில இடங்களில் பெரிய விசிறியை நிறுத்தியிருப்பார்கள், ஆளும் குறைவு. பகல் எண்ணை வைத்து இரவை எடைபோட முடியாது.

இப்போது ஒரு ரிப்போர்ட்டை நாமே போட்டுப் பார்க்கலாம். 12 மணி ஷிஃப்ட். 5 மணி நேரம் கலக்கும் வேலை, 90 பிபிஎம். 4 மணி நேரம் எடுத்துக் கொடுக்கும் வேலை, 40 பிபிஎம். 3 மணி நேரம் ஸ்டோரில், 10 பிபிஎம். பெருக்கிக் கூட்டினால் 450 + 160 + 30 = 640. இதை 12-ஆல் வகுத்தால் ஷிஃப்ட் சராசரி 53. இதே 640-ஐ 8-ஆல் வகுத்தால் 80. அது "8 மணி நேரத்துக்குச் சமமான அளவு". ஆய்வுக்கூட ரிப்போர்ட்டில் இந்த இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லை 100 என்றால், 53-ஐ 100-ஓடு ஒப்பிடுவது தவறு. நான் அன்றைக்கு 62-ஐ வைத்துச் செய்தது இதே தவறுதான். 80-ஐ 50-ஓடு ஒப்பிடுவதும் தவறு. அதில் நீண்ட ஷிஃப்டுக்காக இரண்டு தடவை குறைத்திருக்கிறோம்: 8-ஆல் வகுத்தது ஒரு தடவை, எல்லையைக் குறைத்தது இன்னொரு தடவை. சரியான ஒப்பீடு இரண்டு. 53-ஐக் குறைத்த எல்லையான 50-ஓடு வைக்கலாம், தாண்டுகிறது. அல்லது 80-ஐ மூல எல்லையான 100-ஓடு வைக்கலாம், தாண்டவில்லை. இரண்டாவது வழி, நேரத்துக்கு மட்டும் குறைக்கும் முறையின் மறுபக்கம்தான்.

ஒரு வழியில் தாண்டுகிறது, இன்னொன்றில் தாண்டவில்லை என்றால் என்ன செய்வது? நல்ல விடை எதுவோ அதைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தப் பொருள் ஒரே இரவில் உடம்பை விட்டுப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் தாண்டியதாகவே எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். எந்த முறையைப் பயன்படுத்தினீர்கள், ஏன் என்பதையும் இடர் மதிப்பீட்டுத் தாளில் இரண்டு வரி எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவருக்கு அந்த இரண்டு வரி பெரிய உதவி.

கலவை என்றால் இன்னொரு படி. ஒவ்வொரு பொருளின் அளவையும் அதனதன் குறைத்த எல்லையால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரே உறுப்பைத் தாக்கும் பொருள்களாக இருந்தால் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக் கூடாது. 12 மணி ஷிஃப்டில் ஒரு கரைப்பான் 20, அதன் குறைத்த எல்லை 50: விடை 0.4. இன்னொன்று 18, குறைத்த எல்லை 25: 0.72. கூட்டினால் 1.12. தனித்தனியாக இரண்டும் தேர்ச்சி, சேர்ந்து தோல்வி. குறைக்காமல் போட்டிருந்தால் 0.56 என்று காட்டி நம்மைத் தூங்க வைத்திருக்கும்.

தரவுத் தாளில் "தோல்" என்ற குறிப்பு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பாதிக் கதைதான். கை வழியாக உள்ளே போவதைக் காற்றை அளந்து பிடிக்க முடியாது.

தாண்டிவிட்டது, அடுத்து?

முதலில் பொருளை மாற்ற முடியுமா என்று பாருங்கள். பிறகு மூடியிட்ட கலப்பான், அதன் வாயருகில் ஆவியை உறிஞ்சும் குழாய், காற்றோட்டம். அந்தக் கொட்டகையில் நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணம்: திறந்த டின்களுக்கு மூடி, கலக்கும் மேசைக்குப் பின்னால் உறிஞ்சும் விசிறி, கலக்கும் வேலையை ஒரே ஆளுக்கு ஐந்து மணி நேரம் கொடுக்காமல் பிரித்துக் கொடுத்தது. ஷிஃப்டைச் சுருக்குவதும் ஒரு வழிதான். ஆனால் ஓடி குறைந்தால் ஊருக்கு அனுப்பும் பணம் குறையும் என்பதால் தொழிலாளர்களே அதை விரும்ப மாட்டார்கள். அதனால் நேரத்தில் கை வைப்பதற்கு முன் காற்றைச் சுத்தமாக்கும் வேலையை முடித்துவிடுங்கள். ஆளை மாற்றி மாற்றி வைப்பது கரைப்பான்களுக்கு உதவும். புற்றுநோய்ப் பொருள்களுக்கு வேண்டாம். அதிகம் பேருக்கு அந்த ஆபத்தைப் பங்கு வைப்பதாக ஆகிவிடும்.

முகமூடி கடைசி வழி. 12 மணி ஷிஃப்டில் அதற்கும் கணக்கு மாறும். முகமூடியில் மாட்டும் வடிகட்டியான ரசாயனக் கார்ட்ரிட்ஜ் ஒரு குறிப்பிட்ட அளவுதான் உறிஞ்சும். 8 மணி ஷிஃப்டுக்கு நாளுக்கு ஒன்று என்று போட்ட அட்டவணை 12 மணிக்குப் போதாது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கரிமக் கரைப்பான் கார்ட்ரிட்ஜ்கள் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கரி ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சுகிறது. நெடி வந்தால் மாற்றலாம் என்று விடாதீர்கள். மணி நேரத்தை எழுதி ஒட்டி வைத்து, அதன்படி மாற்றச் சொல்லுங்கள். கையுறைக்கும் இதே பேச்சுதான்.

மருத்துவப் பரிசோதனையையும் மறக்க வேண்டாம். ஈயம், பென்சீன் போன்ற சிலவற்றுக்கு, அதற்கென நியமிக்கப்பட்ட மருத்துவரிடம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதனை சட்டப்படி தேவை. சேர்ந்துகொண்டே போகும் பொருளுக்குச் சிறுநீர் மாதிரியைத் திங்கள் காலையில் எடுத்தால் நல்லதாகத்தான் தெரியும். மாதிரியை எப்போது எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கும்போது, உங்கள் ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் தொடர்ந்து வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சத்தத்துக்கும் இதே தர்க்கம் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 8 மணிக்கு 85 டெசிபல் என்றால் 12 மணிக்கு ஏறக்குறைய 83.

ஓய்வு நிஜமாகவே ஓய்வா?

நம் சூத்திரம் ஷிஃப்ட் முடிந்ததும் உடம்பு சுத்தமான காற்றுக்குப் போய்விடுகிறது என்று நினைக்கிறது. தொழிலாளர் அதே தின்னர் பட்ட சட்டையோடு லாரியில் ஏறி, டார்மிட்டரியில் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுத் தூங்கினால், அந்த 12 மணி நேர ஓய்விலும் கொஞ்சம் திருடு போகிறது. ஒரே அறையில் பல பேர், பல சட்டைகள். வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றி, அழுக்குத் துணியை அங்கேயே விட்டுவிட்டு வர ஏற்பாடு செய்யுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. கேட்டு வாங்க வேண்டியது உங்கள் வேலை.

வேலை தொடங்கும் முன் தொழிலாளர்களோடு நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பி.இ.எல்., சூத்திரம் என்று ஆரம்பித்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நான் ஒரு வாளித் தண்ணீரை வைத்துச் சொல்வேன்: அடியில் சின்ன ஓட்டை இருக்கிற வாளி. எட்டு மணி நேரம் ஊற்றி, பதினாறு மணி நேரம் ஒழுகவிட்டால் காலையில் ஏறக்குறையக் காலி. பன்னிரண்டு மணி நேரம் ஊற்றினால் காலையில் பாதி தண்ணீரோடு ஆரம்பிக்கிறோம், புதன்கிழமை வழிகிறது. அப்புறம் ஒன்று கேட்பேன்: "வாரத்தில் எந்த நாள் உடம்பு கனமா இருக்கு?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எல்லோரும் வாரக் கடைசியையே சொன்னால், பொருள் உடம்பில் சேர்கிறது என்று சந்தேகப்பட்டு அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. ரோஸ்டர் மாறும் செய்தி முதலில் மனிதவளப் பிரிவுக்கும் சூப்பர்வைசருக்கும் போகிறது, சேஃப்டிக்குப் பெரும்பாலும் போவதில்லை. ஷட்டவுன் வருகிறது, இரண்டு வாரம் 12 மணி நேரம் என்று முடிவு எடுத்தவுடன் உங்களுக்கும் ஒரு தகவல் வரும்படி எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்தத் தகவல் வந்த அன்றே குறைப்பு எண்ணைப் போட்டு, பழைய அளவீட்டை அதோடு வைத்துப் பாருங்கள். 8 மணி ஷிஃப்டில் எல்லையில் 60 சதவீதத்தில் இருந்த இடம், அதே காற்றோடு, 12 மணிக்கு மாறிய நாளிலேயே தாண்டியிருக்கும்.

எங்கள் கொட்டகையில் விசிறி வைத்த பிறகு மறுபடி அளந்தோம், 12 மணி சராசரி 31 வந்தது. அந்தப் புதுக்கோட்டைத் தம்பியைத் தேடிப் போய் எண்ணைக் காட்டினேன். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை எத்தனை மணி நேரத்துக்குண்ணே?" என்று கேட்டார்.